கயிறு யார் கையில்

பேச்சித்தாயை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உலகச் சண்டை நடந்த காலம். புதுச் சாக்குக்குப் பஞ்சம். கிழிந்த உப்புச் சாக்குகளைத் தைக்க, உப்பு மூட்டை அடுக்கும் தூத்துக்குடிக் கிட்டங்கி ஒன்றில் பெண்கள் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஆளுக்கு நாளொன்றுக்கு நாற்பது சாக்கு. பேச்சித்தாய் மட்டும் ஊசியைத் தொடமாட்டாள். அவள் கதை சொல்வாள். அவள் பங்கையும் கேட்கிற நாங்கள் பிரித்துத் தைப்போம். அது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. கோணி ஊசி விரலில் குத்தும்போதெல்லாம், மூட்டைமேல் சாய்ந்து வெற்றிலை மெல்லும் அவளைப் பார்ப்பேன். வயிறு எரியும்.

அவள் தூத்துக்குடிக்கு மேற்கே இருக்கும் புதுக்கோட்டைப் பக்கத்துப் பனங்காட்டுக்காரி. ராசா கதை, பேய்க் கதை, கள்ளன் கதை, எதுவானாலும் சொல்வாள். வீட்டுக்குப் போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அதே கதையை நானும் சொல்லிப் பார்ப்பேன். நான் சொல்வதுதான் நன்றாக இருக்கும். கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆள் இருந்தால் எனக்கு வாய் வராது. சின்ன வயதில், புன்னைக்காயல் வேதக் கோயிலில் புதுநன்மை என்று முதல் நற்கருணை வாங்கிய அன்று, சாமியார் என்னைப் பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். கோயில் நிறையச் சனம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, பாவாடை நனைந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். முப்பது வயதாகியும், நாலு பேர் திரும்பிப் பார்த்தால் போதும், காலில் அந்த ஈரம் ஓடுவது போலிருக்கும்.

மூன்று வருசம் இப்படியே போனது. ஒருநாள் அவள் முத்துக்குளிக்கிறவன் கதையை எடுத்தாள். என் அப்பா முத்துக்குளித்தவர். அது எங்கள் கதை. பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன்.

“கல்லைக் கட்டிக்கிட்டு அவன் கடலுக்குள்ள இறங்குதான். மேல வள்ளத்துல கயித்தப் பிடிச்சுக்கிட்டு அவன் தம்பி நிக்கான்” என்றாள்.

“தம்பி கையில கயித்தக் குடுக்கமாட்டாவ.”

சொன்னது யார் என்று நானே தேடினேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பின்ன யாரு பிடிப்பா?” என்றாள் பேச்சித்தாய்.

கால் ஈரமானது போலிருந்தது. தடவிப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. எங்கள் கதையைத் தப்பாக அவள் வாயில் விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை. பயத்தைவிடப் பொறாமை பெரிதாக இருந்தது.

“மச்சான்தான் பிடிக்கணும். பொண்டாட்டி கூடப்பெறந்தவன். தம்பி சொத்துக்கு ஆசப்பட்டுக் கயித்த விட்டாலும் விட்டுருவான். மச்சான் விடமாட்டான். அவன் தங்கச்சி தாலில்லா அந்தக் கயித்துல கெடக்கு.”

தைக்கிற கைகள் நின்றன. “ஏளா பிலோமினா, பெறவு?” என்றாள் பக்கத்தில் இருந்த சண்முகத்தாய்.

பேச்சித்தாய் சிரித்தாள். “அப்பம் மிச்சத்த நீயே சொல்லேன்.”

நான் வாயடைத்துப் போவேன் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவள் சிரிக்காமல் இருந்திருந்தால் தலையைக் குனிந்து ஊசியை எடுத்திருப்பேன்.

சொன்னேன். முதலில் குழறியது. கண்ணைச் சாக்கிலேயே வைத்துக்கொண்டேன். மச்சானுக்கும் குளிக்கிறவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று வைத்தேன். முந்தின நாள்தான் குளிக்கிறவன் மச்சானின் தங்கச்சியை அடித்திருந்தான். இப்போது அவன் உயிர் இவன் கையில். மேலே தூக்கச் சொல்லிக் கடலுக்குள்ளிருந்து கயிறு ஆடுகிறது. மச்சான் இழுக்கவில்லை.

அங்கே நிமிர்ந்து பார்த்தேன். பதினோரு முகமும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. யாரும் சிரிக்கவில்லை. உடனே சொல்லிவிடாமல் அவர்களைக் கொஞ்சம் காக்கவைத்தேன்.

கதை முடிந்தபோது என் பங்கில் பாதிகூடத் தைத்திருக்கவில்லை. மற்றவர்கள் மிச்சத்தைப் பிரித்துக்கொண்டார்கள். சண்முகத்தாய் இரண்டை எடுத்துப் பேச்சித்தாய் மடியில் போட்டாள்.

“நீயும் கதை கேட்டேல்லா. தையி.”

பேச்சித்தாய் ஊசியை வாங்கினாள். இரண்டு தரம் சணல் காதில் ஏறவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். மூன்று வருசமாக அவளை நான் பார்த்த பார்வை அது. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“நெருக்கித் தையி, ஏளா” என்றேன். “உப்புச் சிந்தும்.”