மின்னா டியர்னியும் அவள் வீட்டுக்காரரும்

கான் டியர்னி ஸ்க்ரான்டன் நகரத்தில் ஐஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். வீடு வீடாக ஐஸ் கட்டி இறக்கும்போது அவன் அளக்கும் கதையில் கட்டி பாதி கரைந்துவிடும். "ஏம்ப்பா, நீ பேசி முடிக்கிறதுக்குள்ள என் ஐஸு வாளித் தண்ணியாயிடுச்சே!" என்று சமையல்காரிகள் திட்டுவார்கள், ஆனாலும் மறுநாள் அவன் வருகிற நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பார்கள். வேலையைக் கெடுத்த வாயையே பிழைப்பாக்கிக்கொண்டு பத்தொன்பது வயதில் அவன் வாடெவில் மேடை ஏறினான். நாய் வித்தை, பந்து வித்தை, பாட்டு, நடனம் என்று வரிசையாக வரும் அந்த நிகழ்ச்சிகளுக்கு நடுவே கானுக்குப் பதினான்கு நிமிடம் கொடுப்பார்கள். மூச்சு விடாமல் பேசிவிட்டுப் போவான்.

எரீ நகரத்துக் கொட்டகையில் ஒரு வாரம் எபர்லே குடும்பம் கைமணிகளை ஆட்டிப் பாட்டு வாசித்தது. ஏழு பேர், எல்லோரும் மில்வாக்கி ஜெர்மானியர்கள். கடைசிப் பெண் மின்னாவுக்கு ஐந்து மணிகள். மற்றவர்கள் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். அவளோ தன் முறை வரும்வரை அசையாமல் காத்திருந்து ஒரே ஒரு தட்டு தட்டுவாள். ஆறு நாள் அதைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்த கான், ஏழாம் நாள் அவளை மடக்கி, தன் ஊர், தன் அம்மா, தன் எதிர்காலம் எல்லாவற்றையும் சொல்லி, தன்னைக் கட்டிக்கொள்வாளா என்று கேட்டுவிட்டு, ஏன் கட்டிக்கொள்ள வேண்டும் என்று மறுபடியும் ஆரம்பித்தான்.

"நீ எப்போ மூச்சு விடுவேன்னு பாத்துக்கிட்டு இருக்கேன், சரின்னு சொல்ல," என்றாள் மின்னா.

கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஒரு நாடகம் செய்தார்கள். புருஷன் ஏணியில் ஏறி மாமியார் படத்தை மாட்டுவான். மனைவி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நடுநடுவே "ஆமா" என்பாள். மேலே நின்று பேசுவது கான், சிரிப்பும் கானுக்கு. விளம்பரப் பலகையில் 'கான் டியர்னி' என்று பெரிதாகவும், 'குடும்பத்தாருடன்' என்று சின்னதாகவும் எழுதியிருக்கும்.

குடும்பத்தார் என்றால் மின்னாவோடு மகள் டெலியாவும். பல ஊர்களில் சின்னக் குழந்தைகள் மேடையேறக் கூடாதென்று சட்டம். அதற்கு மின்னா ஒரு வழி கண்டுபிடித்தாள். டெலியா மூன்றாவது வரிசையில் டிக்கெட்டோடு உட்கார்ந்திருப்பாள். கான் ஆணி அடிக்கும்போது எழுந்து, "மாமா, ஆணி சுவத்துல போகல, உங்க விரல்ல போகுது!" என்று கத்துவாள். யாரோ வீட்டுக் குழந்தை என்று கொட்டகையே சிரிக்கும். ஒருமுறை சோதனைக்கு வந்த அதிகாரி மின்னாவைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு உங்க பொண்ணுதானே?"

"ஆமா சார். பாவம், அப்பாவப் பாக்கணும்னா டிக்கெட் வாங்க வேண்டியிருக்கு."

அவர் சிரித்துவிட்டார். வழக்கு ஒன்றும் போடவில்லை.

இப்படிப் பதினோரு வருஷம் போயிற்று. மகன் ஹ்யூகோ பிறந்து, துணிப்பெட்டியின் மேல்தட்டில் தூங்கி வளர்ந்தான். 1913 குளிர்காலத்தில் டுலூத் நகரத்துக்கு வந்து இறங்கியபோது கானின் தொண்டை கட்டியிருந்தது. சளி என்று நினைத்தான். டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே முடிச்சு விழுந்திருக்கிறது, வெட்டி எடுக்க வேண்டும் என்றார். எடுத்தார்கள். "மூணு மாசத்துக்கு ஒரு வார்த்தை கூடாது. பேசினா இருக்கிறதும் போயிடும்," என்று சொல்லிக் கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஹால்வர்சன் அம்மாள் நடத்திய தங்கும் விடுதியில் கான் மூன்று வாரம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். நார்வேக்காரியான அந்த அம்மாள் தினமும் மீன் சூப்பைத் தானே கொண்டுவந்து, அவன் குடித்து முடிக்கும்வரை நகராமல் நிற்பாள். "ஊர்ல பாதிப் பேருக்குப் பேச ஒண்ணுமில்ல, ஆனா பேசுறான். உனக்காவது டாக்டர் சீட்டு இருக்கு. குடி," என்பாள்.

கொட்டகை மேலாளரிடம் மின்னா தனியாகப் போனாள்.

"ஊமை நகைச்சுவைக்காரனா? நாளைக்கு ஊமைப் பாட்டுக்காரியும் கூட்டிட்டு வருவீங்களோ?" என்றார் அவர்.

"நான் பேசுறேன். ஒரு மத்தியான ஆட்டம் குடுங்க. யாரும் சிரிக்கலேன்னா நாங்களே பெட்டியக் கட்டிடுறோம்."

அவர் முதல் இடத்தைக் கொடுத்தார். ஜனங்கள் கோட்டிலிருந்து பனியை உதறிக்கொண்டு நாற்காலி தேடுகிற நேரம் அது. யாரும் மேடையைப் பார்க்க மாட்டார்கள்.

மின்னா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். கீழே பிடித்துக்கொண்டு நின்றவன் கான்.

"எங்க வீட்டுக்காரர் இன்னிக்கு வாயத் திறக்க மாட்டாரு. பதினோரு வருஷமா தெறந்தே கிடந்துச்சு, இப்பத்தான் சாவி கெடைச்சுது," என்றாள். நடந்துகொண்டிருந்த சிலர் நின்று பார்த்தார்கள்.

அடுத்து அவள், "இது எங்கம்மா படம்," என்றாள். அத்தோடு நிறுத்தினாள். படத்தைப் பார்த்தாள். மெதுவாகக் குனிந்து கானைப் பார்த்தாள். கான் எப்போதும் தாண்டி ஓடிய இடம் அது. அவள் பார்த்த பார்வையில் அவனுக்குத் தன்னையறியாமல் தலை குனிந்தது. சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. பனியை உதறிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள்.

திரை விழுந்ததும் கான் அவள் முகத்தைப் பார்க்காமல் அறைக்குப் போய்விட்டான். தன் சிரிப்பை யாரோ திருடிக்கொண்டு போனதுபோல நெஞ்சு எரிந்தது. வெகுநேரம் கழித்து சிலேட்டில் எழுதி நீட்டினான்: அந்த இடத்தில் ஏன் நிறுத்தினாய்?

"அங்க ஒரு சிரிப்பு இருக்குன்னு எனக்கு எப்பவோ தெரியும். நீதான் நிக்கவே மாட்டியே."

அவன் சிலேட்டைத் திருப்பி வைத்தான். அப்போது பக்கத்தில் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்த டெலியா சொன்னாள்: "அப்பா, நான் தினமும் சிரிக்கிற மாதிரி நடிப்பேன். இன்னிக்கு நீங்க தலையக் குனிஞ்சப்ப நெஜமாவே சிரிச்சிட்டேன். என் வசனத்தையே மறந்துட்டேன்."

கானுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. தோள் வலித்தது. குனிந்து பார்த்தான், வலது தோளில் சட்டை கசங்கி, உள்ளே சிவந்திருந்தது. அந்த ஏணிக்கு ஒரு கால் குட்டை. தோளைக் கொடுத்து முட்டினால்தான் நிற்கும். பதினோரு வருஷம் மேலே நின்றவனுக்கு அது ஆடுகிறது என்பதே தெரியாது. எழுந்து போய் மின்னாவின் சட்டையைத் தோளிலிருந்து விலக்கினான். அங்கே எலும்பின் மேல் தோல் காய்ப்புக் காய்த்திருந்தது.

"இதுக்குப் போய் அழுவாங்களா?" என்றாள் மின்னா. "இறுக்கிப் பிடிச்சா வலிக்கும். சாஞ்சு நில்லு. நாளைக்குக் காட்டித் தரேன்."

மறுநாள் காலை கொட்டகைக்குப் பலகை எழுதுகிறவரைத் தேடிப் போய், அவர் முன்னால் சிலேட்டை நீட்டினான். அவர் படித்துவிட்டு, "உங்க பேரு எங்கே?" என்றார். கான் 'அவள் வீட்டுக்காரரும்' என்ற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான். அந்த வாரக் கடைசியில் அவர்களுக்கு முடிவுக்கு முந்தின இடம் கிடைத்தது. பெரிய ஆட்டக்காரர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள்.

வசந்தத்தில் குரல் திரும்பியது, வாணலியைச் சுரண்டுகிற ஓசையோடு. "இனி நீ ஏறு, கான்," என்றாள் மின்னா. அவன் மாட்டேன் என்றுவிட்டான். "கீழ நின்னாத்தான் உன் மூஞ்சி தெரியுது." பதினான்கு வருஷம் ஊர் ஊராக அப்படியே நின்றான். ஹ்யூகோவும் வளர்ந்து, பாட்டன் வீட்டு மணிகளை எடுத்துக்கொண்டு அவர்கள் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டான்.

பேசும் படம் வந்து மேடைகளில் திரை கட்டியபோது, அவர்கள் டுலூத்துக்கே வந்து ஹால்வர்சன் அம்மாளுக்கு அடுத்த தெருவில் குடியேறினார்கள். டெலியா பள்ளிக்கூடத்தில் நாடகம் சொல்லிக்கொடுத்தாள். கான் ஏரித் துறைமுகத்தில் படகுச் சீட்டுக் கொடுத்தான். வரிசையில் நிற்கிறவர்கள் அவன் கரகரத்த பேச்சைக் கேட்க ஒரு படகைத் தவறவிட்ட நாட்களும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தும் அவன் முழங்காலில் இருப்பதைப் பார்த்து ஃபாதர் நோவாக் ஒருநாள் கேட்டார்: "என்ன கான், அப்படி என்ன வேண்டிக்கிறீங்க?"

"வேண்டல ஃபாதர். ஸ்க்ரான்டன்லேர்ந்து வரிசையா நன்றி சொல்லிக்கிட்டு இருக்கேன். இன்னும் டுலூத்துக்கே வந்து சேரல."

வாசலிலிருந்து மின்னா குரல் கொடுத்தாள். "மீதிய அடுத்த வாரம் சொல்லிக்கலாம், கடவுள் எங்கயும் போயிடமாட்டாரு. உருளைக்கிழங்கு அடுப்புல இருக்கு."

கான் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து அவள் பின்னால் போனான்.