புகையில்லா வண்டியும் வளையல் பையும்

பெருங்களத்தூரில் வண்டி நிற்கிறது. மின்சாரப் பேருந்து. பக்கவாட்டில் பச்சை இலைகள் வரைந்து, 'புகையில்லாப் பயணம்' என்று எழுதியிருக்கிறார்கள். மதியத்துக்குள் நான் திண்டிவனம் சேர வேண்டும். தங்கை மகளுக்கு வளைகாப்பு. தாய்மாமன் நான் வாங்கிய வளையல் மொத்தமும் என் மடியில் இருக்கிறது. சீட்டு நிரம்பாமல் இங்கே எந்த வண்டியும் கிளம்பாது. வண்டி மின்சாரமாகிவிட்டது, வழக்கம் இன்னும் டீசல்தான்.

முன் சீட்டிலிருந்து டிரைவர் முன்னால் சார்ஜ் காட்டும் திரையையே பார்க்கிறேன். எட்டாவதோடு நின்றவன் நான். ஆனாலும் செல்போன் வைத்திருப்பவனுக்கு அந்த பேட்டரிப் படம் புரியும். பச்சை இப்போது மஞ்சளாகிவிட்டது.

"அண்ணா, நிக்கிற வண்டிக்கு ஏசி எதுக்கு? சார்ஜ் எறங்குது பாருங்க."

"ஏசி கீதுன்னுதான் ஏறினாங்க. நிறுத்தினா அல்லாரும் எறங்கி வேற வண்டிக்குப் பூடுவாங்க. நீ இன்னாத்துக்கு பேஜாராவுற? தூங்குண்ணா."

ஒருவழியாகக் கடைசி சீட்டும் நிரம்புகிறது. எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது. அதற்குள் படம் சிவப்பாகிறது. டிரைவர் முதலாளிக்குப் போன் பேசிவிட்டு எழுந்து நிற்கிறார்.

"அல்லாரும் பின்னாடி வண்டிக்கு மாறிக்குங்க. இது சார்ஜ் போட தாம்பரம் போவுது."

பின்னால் நிற்பது அதே முதலாளியின் டீசல் பேருந்து. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, வளையல் பையோடு ஏறுகிறேன்.

"உடனே கெளம்பிடுவீங்களாண்ணா?" என்று அந்த டிரைவரிடம் கேட்கிறேன்.

"இதுல சீட்டு ஜாஸ்தி சார். இன்னும் நாலு பேரு வரட்டும்."