முகூர்த்த நாளில் ஒரு ரகசியக் கல்யாணம்

திருவண்ணாமலையில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கோயில் இருக்கும். மலையைச் சுற்றி நடந்தால் இன்னும் எத்தனையோ. ஆனால் என் கொழுந்தன் தாலி கட்ட அதில் ஒன்றுகூட எங்களுக்கு உதவவில்லை. என் மாமியாரைத் தெரியாத கோயில் ஊரில் கிடையாது என்பதுதான் காரணம். அவர் ஒரு நாள் வராவிட்டால், பெரிய கோயில் வாசலில் பூ விற்கிறவர்கள் உடம்புக்கு என்ன என்று வீட்டுக்கே வந்து விசாரிப்பார்கள். எந்தச் சன்னதியில் மாலை மாற்றினாலும் நாங்கள் வீடு திரும்புவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் மகளுக்கு அப்போது பத்து மாதம். அவள் தும்மினால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். பள்ளி இறுதி வரை நன்றாகப் படித்தவள்தான் நான். ஆனாலும் குழந்தைக்கு வெந்நீர் போதுமான அளவு ஆறிவிட்டதா என்பதை மூன்று தடவை தொட்டுப் பார்த்து, நான்காவது தடவை மாமியாரையும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறவள். அப்படிப்பட்ட என்னிடம்தான் என் கொழுந்தன் வந்து, கல்யாணத்தை நீங்கள்தான் நடத்தி வைக்க வேண்டும் என்றான்.

டைப்ரைட்டிங் வகுப்பில் பழக்கமான பெண். சொந்த ஊர் செங்கம். வேறு ஜாதி. அவள் வீட்டில் தாய்மாமனுக்கே கொடுப்பதென்று முடிவு செய்திருந்தார்கள். இவன் தன் அம்மாவிடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தான். முதல் முறை அவர் எழுந்து போய்விட்டார். இரண்டாம் முறை, ஊருக்குத் தெரியாமல் இழுத்துக்கொண்டு வருகிற பெண்ணுக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது என்றார். அதைச் சொல்லும்போது என் பக்கமும் ஒரு பார்வை பார்த்தார்.

அந்தப் பெண்ணை நான் பார்த்தது ஒரே முறைதான், துணிக்கடை வாசலில். மெலிந்த உடம்பு, நிதானமான பேச்சு. நண்பன் ஒருவன் ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று என் கொழுந்தன் சொல்லியிருந்தான். அவளுக்கு அதில் விருப்பமில்லை.

"கதவ சாத்திட்டு வேணாம்க்கா. வானம் தெரியற எடத்துல நடக்கணும். நான் ஓடி வந்தவளா உங்க வீட்டுக்குள்ள வர மாட்டேன், கல்யாணம் ஆனவளாத்தான் வருவேன்."

அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவளுக்குக் கல்யாணம் மட்டும் போதாது, அன்று மாலை எங்கள் வீட்டு வாசற்படியை நேராக ஏறி வரவும் வேண்டும். அவளுக்குத் திரும்பிப் போக வேறு வீடு இருக்கப் போவதில்லை.

சாத்தனூர் அணைக்கட்டுப் பூங்காவைச் சொன்னதும் அவள்தான். பள்ளியில் படிக்கும்போது சுற்றுலா போயிருக்கிறாளாம். ஐயர் இல்லாமல் கல்யாணம் செல்லுமா என்று நான் பயந்தபோது, அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர் நிதானமாக விளக்கினார். நம் மாநிலச் சட்டப்படி ஒரு தாலி, இரண்டு மாலை, பார்க்க நாலு பேர் இருந்தால் போதும் என்றார். சட்டம் எனக்குப் போதவில்லை. தினசரிக் காலண்டரைப் புரட்டி ஆவணியில் வளர்பிறை முகூர்த்தம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் தாலி ஏறிவிட வேண்டும் என்றேன்.

கொழுந்தன் கெஞ்சிப் பார்த்தான். "புதன்கிழமை வெச்சிக்கலாம் அண்ணி. பார்க்ல ஆளே இருக்காது."

நல்ல நாள் பார்க்காமல் தாலி கட்ட நான் துணை வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொன்னது சரிதானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு கவலையும் இருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முதல் இரண்டு முடிச்சு போட்டால் மூன்றாவதை நாத்தனார் போட வேண்டும். என் கணவருக்குத் தங்கை, கொழுந்தனுக்கு அக்கா ஒருத்தி இருக்கிறாள். கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. நல்ல மனசு, ஆனால் அவள் வாயில் எதுவும் தங்காது. அவளிடம் சொன்னால் அன்று சாயங்காலமே மாமியாருக்குத் தெரிந்துவிடும். புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் அவள் வந்து நின்றால் அங்கே அவளுக்குத் திட்டு விழும். அதனால் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். மணப்பெண்ணோடு டைப்ரைட்டிங் படிக்கிற தோழி மூன்றாவது முடிச்சைப் போடுவது என்று ஏற்பாடு. எனக்கு அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, குழந்தைக்கு அணைக்கட்டைக் காட்டப் போகிறோம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். நூல் புடவைதான் கட்டியிருந்தேன். பட்டுப் புடவை பைக்குள். தாலிக் கயிற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் குழந்தையின் மாற்றுத் துணிகளுக்கு நடுவே வைத்துச் சுருட்டினேன். அந்தத் துணிப்பையை என்னைத் தவிர யாரும் தொட மாட்டார்கள். மணமக்களும் தோழியும் மாலையோடு செங்கத்திலிருந்தே முன்னதாகப் போய்விடுவதாகப் பேச்சு.

பஸ் நிலையத்துக்குள் நுழைந்ததுமே என் தப்பு எனக்குப் புரிந்தது. முகூர்த்த நாள். தண்டராம்பட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவும் சீர்வரிசைத் தட்டுமாக நிற்க இடமில்லை. ரகசியக் கல்யாணத்துக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த நாளில்தான் ஜில்லாவே கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்தது. என் கணவர் முன்னால் ஆண்களோடு நின்றுகொண்டார். எனக்கு நகர்ந்து உட்கார இடம் விட்டு, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டது வேறு யாருமில்லை, என் நாத்தனார்.

தண்டராம்பட்டில் அவள் புருஷன் வீட்டு உறவில் கல்யாணமாம். திரும்பும்போது அம்மா வீட்டுக்கு வரலாம் என்றிருந்தாளாம்.

"நீங்க இன்னா அண்ணி, இந்தப் பக்கம்?"

அணைக்கட்டு என்றேன்.

"முகூர்த்த நாள்ல அணைக்கட்டா? இதுக்கு இன்னும் பல்லே ஒழுங்கா வரல, அணைக்கட்டப் பாத்து இன்னா பண்ணப் போவுது?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். என் மகள் அத்தையின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஊர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அத்தையின் பட்டுப் புடவையை நனைத்துவிட்டாள். நான் எடுத்துத் தருகிறேன் என்று கை நீட்டுவதற்குள் நாத்தனார் குனிந்து, காலடியில் இருந்த பையிலிருந்து துணியை உருவிவிட்டாள். சுருட்டிய துணி பிரிந்து, மஞ்சள் கயிறும் அதில் கோத்த சின்னப் பொட்டுத் தாலியும் அவள் மடியில் விழுந்தன.

அவள் உடனே உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை. பிறகு எதுவும் நடக்காதது போல் குழந்தைக்குத் துணி மாற்றினாள். என் காதுக்குள் பஸ் சத்தமே கேட்கவில்லை.

"யாருக்கு?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"உன் தம்பிக்கு."

"அந்த டைப்ரைட்டிங் பொண்ணா?"

தலையாட்டினேன்.

"நாத்தனார் முடிச்சு யாரு போடறது?"

தோழியைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் வாடியது. கோபப்படுவாள் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன்.

"அக்கான்னு ஒருத்தி உயிரோட இருக்கறப்போ, யாரோ ஒரு பொண்ணா?"

உன் புகுந்த வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயந்தோம் என்றேன். அது பாதி உண்மைதான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேர்க்கடலைக் காடுகளும் கரும்புத் தோட்டங்களும் ஓடிக்கொண்டிருந்தன. புருஷன் வீட்டில் அவளுக்கு மாமனார் ஒரு பக்கம், ஓரகத்தி ஒரு பக்கம். இதற்கெல்லாம் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் அவளாக இருந்தால் இறங்கிப் போயிருப்பேன் என்று நினைத்தேன்.

தண்டராம்பட்டில் கல்யாணக் கூட்டம் மொத்தமும் எழுந்தது. அவளும் எழுந்தாள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு இறங்கினாள். தாலி அவள் கையிலேயே இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். முன்பக்கத்திலிருந்து இறங்கி நின்ற தன் புருஷனிடம் அவள் என்னவோ சொல்ல, அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது, நாள் பார்த்து நானே கெடுத்துவிட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் ஓடி வந்து பின் படியில் ஏறினாள்.

"உங்களுக்குத் தல சுத்துதுன்னு சொல்லிட்டேன். கொஞ்சம் சாஞ்சி உக்காருங்க அண்ணி, அவரு பாத்துகினு இருக்காரு."

சாய்ந்து உட்கார்ந்தேன். உண்மையிலேயே தலை சுற்றியது.

பூங்காவில் அணை ஓரமாகச் சரிவில் பூச்செடிகள் வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. மதகிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் வாசலிலேயே கேட்டது. சாரல் குழந்தைக்கு ஆகாதோ என்று துண்டால் தலையை மூடினேன், வேர்க்குமோ என்று எடுத்தேன். கொன்றை மரத்தடியில் மணப்பெண் அரக்குப் புடவையில் நின்றிருந்தாள். என்னோடு நாத்தனார் வருவதைப் பார்த்த கொழுந்தன் மாலையோடு இரண்டடி பின்னால் போனான்.

"ஓடாதடா, அடிக்க வரல" என்றாள் அவன் அக்கா. பிறகு அந்தப் பெண்ணைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைப் பிய்த்து அவள் தலையில் வைத்தாள். பெண்ணின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மாலையைப் பார்த்ததும் சுற்றுலா வந்தவர்கள் கூடிவிட்டார்கள். அங்கே சினிமாக்காரர்கள் அடிக்கடி வருவதால், தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் எந்தக் கம்பெனி, ஹீரோ யார் என்று விசாரித்தார். நாத்தனார் தன் தம்பியின் சோடாபுட்டிக் கண்ணாடியைக் காட்டினாள்.

"இவன்தான் ஹீரோ. படம் ஓடுமான்னு தெரியல."

நான் டப்பாவில் கொண்டு வந்த மஞ்சள் அரிசியை அவள் வாங்கி, நின்றவர்கள் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். கல்யாணம் நிஜம் என்று தெரிந்ததும் அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பட்டுப் புடவை மாற்ற எனக்கு நேரமில்லை. பத்தரை நெருங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் இரண்டு முடிச்சு போட்டான். மூன்றாவதை அவன் அக்கா போட்டாள், இழுத்து இறுக்கி. முன்பின் தெரியாத அத்தனை பேரும் அரிசி போட்டார்கள். என் கல்யாணத்தில் ஊரே இருந்தது, எனக்கு ஒரு முகமும் நினைவில்லை. இவர்கள் முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. பிறகு குழந்தைக்கு முதலைப் பண்ணையைக் காட்டினோம். மாமியாரிடம் சொன்னதில் அதாவது உண்மையாக இருக்கட்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மாலையைக் கழற்றிவிடலாமா என்று மணப்பெண் என்னைக் கேட்டாள். வேண்டாம் என்றேன். மாமியார் நிலைப்படியில் நின்று எங்கள் ஐந்து பேரையும் பார்த்தார். மகளிடம் அவர் பார்வை நின்றது. அவளை அவர் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் என்னைத்தான் கேட்டார்.

"நாள் பாத்தீங்களா?"

"முகூர்த்த நாள்தான் அத்தை. ராகு காலத்துக்கு முன்னாடி."

"மூணாவது முடிச்சு?"

"நான்தாம்மா போட்டேன்" என்றாள் நாத்தனார்.

மாமியார் அந்தப் பெண்ணின் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். கதவு திறந்தபடியே இருந்தது. போகலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. என் இடுப்பில் இருந்த குழந்தை சிணுங்கத் தொடங்கியது. நாத்தனார் மட்டும் சமையல் அறைக்குள் நுழைந்து, தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கரைத்தாள். சுண்ணாம்பைத் தேடி டப்பாக்களை அவள் உருட்டும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"அங்க இல்ல. மேல் தட்டுல, உப்பு ஜாடிக்குப் பின்னால கீது."

ஆரத்தித் தட்டு வாசலுக்கு வந்தபோது தண்ணீர் நன்றாகச் சிவந்திருந்தது.