மன்னார் பஜாரில் டிஸ்க் சண்டை

1. விலைப் பலகை

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையிலேயே எங்கள் கடையின் விலை குறைந்தது. முதலாளி மரியதாஸ் அண்ணை ஷட்டரைப் பாதி உயர்த்திவிட்டுக் குனிந்தபடியே எதிர்க்கடையைப் பார்த்தார். அங்கே சிவராசா அண்ணை கரும்பலகையில் பழைய விலையை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் அண்ணை ஈரத் துணியை என்னிடம் நீட்டினார்.

“ஜெசி, எங்கட பலகையையும் துடையும். அவன்ர விலையில ஐந்நூறு குறைச்சு எழுதும்.”

மத்தியானம் எதிர்ப் பலகை மறுபடியும் மாறியது. எங்களுடையதும் மாறியது. அந்த வருடம் முழுக்க என் விரல் நுனிகள் சோக்குத் தூள் படிந்து வெள்ளையாகவே இருந்தன.

சண்டை இரண்டு மெஷின்களுக்கு இடையில். சாதாரண டிவிடியை விடப் பல மடங்கு தெளிவாகப் படம் காட்டும் இரண்டு வகை டிஸ்க் அப்போது வந்திருந்தன. சிவராசா அண்ணை விற்றது புளூரே. நாங்கள் விற்றது எச்.டி. டிவிடி. ஒன்றின் டிஸ்க் மற்றதன் மெஷினில் ஓடாது. வெளியுலகத்தில் அந்தப் போட்டி எப்போதோ முடிந்திருந்தது. புளூரே வென்று, மற்றதைச் செய்தவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். அந்தச் செய்தி மன்னாருக்கு வந்து சேர முதலே மிஞ்சிய மெஷின்கள் வந்து சேர்ந்துவிட்டன. கொழும்பில் மொத்தமாக மலிவுக்குக் கிடைத்ததென்று அண்ணை ஒரு லொறி நிறைய இறக்கியிருந்தார். அதற்குப் போடுவதற்கு எங்களிடம் இருந்ததோ ஒரேயொரு டெமோ டிஸ்க்.

அந்த டிஸ்க்கில் கடலின் அடிப்பகுதி இருந்தது. கதை இல்லை, பேச்சு இல்லை. பவளப் பாறைகளும், ஒன்றாகத் திரும்பும் மீன் கூட்டமும், மேலிருந்து சரிந்து விழும் வெளிச்சமும் மட்டுந்தான். எதிர்க்கடையில் பனிமலை ஓடியது. நாட்டில் யுத்தம் முடிந்து, பாதைகள் திறந்து, சனம் ஊர் ஊராகத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. அரச அலுவல்களுக்குக் கச்சேரிக்கும், மருந்துக்கு ஆஸ்பத்திரிக்கும் வந்தவர்கள் பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் எங்கள் கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் மன்னார்த் தெருக்களில் அலையும் கழுதைகளும் வந்து நிற்கும். வெயில் தெருவை வெள்ளையாக்கிவிடும் நேரத்தில் அத்தனை முகங்களிலும் நீலம் அசைவதைப் பார்க்க, கடை மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்குவது போல இருக்கும். நான் கீரி என்ற ஊரில் கடற்கரை வீட்டில் பிறந்தவள். ஆனாலும் கடலுக்குக் கீழே என்ன கிடக்கிறதென்று அந்தக் கடை மேசையில் இருந்துதான் முதன்முதல் பார்த்தேன்.

பார்த்தவர்கள் பலர். வாங்கியவர்கள் மிகக் குறைவு.

2. தெருவைக் கடந்து கடந்து

அரிப்புக் கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுக்க வரும் பிலோமினா அக்காவை அந்தக் கூட்டத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எல்லாரும் போன பிறகும் நிற்பார். ஒருநாள் கதவைத் தள்ளி உள்ளே வந்தார்.

“இது என்ன விலை தம்பி?”

மரியதாஸ் அண்ணை கதிரையை இழுத்துப் போட்டார். “இருங்கோ அக்கா. பலகை விலை ஊருக்கு. உங்களுக்கு ஆயிரம் குறைச்சுத் தாறன்.”

அக்கா கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, “அவர் இன்னும் குறைக்கிறார்” என்றார். அண்ணை ஒரு சோடா உடைக்கச் சொன்னார், விலையை மேலும் இறக்கினார். அக்கா சோடாவைக் குடித்துவிட்டு மறுபடியும் தெருவைக் கடந்தார். அங்கே பிஸ்கட் கொடுத்தார்கள் போல. வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். இம்முறை சிவராசா அண்ணையும் பின்னாலேயே வந்து எங்கள் வாசலில் நின்றார். நானாட்டானில் வயல் செய்துவிட்டு வியாபாரத்துக்கு வந்த மனிதர் அவர். தோல்வியென்றாலும் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் அவருக்கு.

“கடைசி விலை அக்கா. இதுக்குக் கீழ போனால் நான் கடையைப் பூட்ட வேணும்” என்றார் மரியதாஸ் அண்ணை. பெட்டியைச் சுற்றக் கயிறும் எடுத்துவிட்டார்.

எந்த வயர் போடுவதென்று அறிய நான் கேட்டேன். “வீட்டில என்ன டீவி அக்கா, பழைய குண்டு டீவியோ, தட்டையோ?”

“டீவி இல்லைப் பிள்ளை. எங்கட பக்கம் கரண்டும் இன்னும் வரேல்லை.”

கயிறு அண்ணையின் கையிலேயே நின்றது. “அப்ப ஏனக்கா இவ்வளவு நேரம் விலை பேசினனீங்கள்?”

“விலை பேசாட்டி என்னை உள்ளுக்கை இருத்திக் கதைச்சிருப்பியளோ?” என்றார் அக்கா. அவர் குரலில் கிண்டல் இல்லை. பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

அவருடைய கணவர் செபமாலை, சங்கு குளித்தவர். கடைசி யுத்தத்துக்கு முன்பு ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. அகதி முகாமில் இருந்தபோதாவது ஏதோ பேசினாராம். ஊருக்குத் திரும்பிய பிறகு பேச்சே இல்லை. வீட்டுக்கு நேரே கடல். கதிரையை வாசலில் போட்டாலும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுகிறார்.

“கடலைப் பாருங்கோவன் எண்டால், மேலால தெரியிறது வெறும் தண்ணி, கடல் அதுக்குக் கீழ எண்டார். அதுக்குப் பிறகு வாயே திறக்கேல்லை. உங்கட கண்ணாடியில கீழ இருக்கிற கடல் ஓடுது. அவருக்கு ஒருக்கா காட்ட வேணும். ரெண்டு பேரும் எனக்காக விலையைக் குறைச்சனீங்கள்தானே? அந்தக் குறைச்ச காசுக்கு ஒரு வாகனம் விடலாமே?”

இரண்டு முதலாளிகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அன்றுதான்.

சிவராசா அண்ணை தொண்டையைச் செருமினார். “நாளைக்கு என்ர வான் அந்தப் பக்கம் ஒரு ஜெனரேட்டர் இறக்கப் போகுது. வரேக்குள்ள வெறுமையாத்தான் வரும்.”

“அப்ப டிஸ்க் என்ர, வான் உன்ர” என்றார் மரியதாஸ் அண்ணை.

3. செபமாலை ஐயா

வானிலிருந்து அவரைக் கதிரையோடு தூக்கி வந்து திரைக்கு முன்னால் வைத்தார்கள். அகன்ற தோள்கள், இடுப்பில் சுற்றிய சாரமும் அதன் மேல் அசையாத இரண்டு கைகளும். அவர் யாரையும் பார்க்கவில்லை. நான் டிஸ்க்கைப் போட்டேன். எங்கள் மெஷின் படம் காட்டச் சுணங்கும். திரை கறுப்பாகவே இருந்தது. அக்கா என்னைப் பார்த்தார்.

“பொறுங்கோ அக்கா, இது முழிக்க நேரம் எடுக்கும்.”

பிறகு நீலம் வந்தது.

தெருச் சத்தம் எங்கோ மேலே, படகுகளின் சத்தம் மாதிரிக் கேட்டது. ஐயாவின் கண்கள் ஒரு மீன் கூட்டத்தோடு இடமிருந்து வலம் போயின. அவருடைய வலது கை மடியை விட்டு எழுந்து, தண்ணீரை விலக்குவது போல மெல்லப் பக்கவாட்டில் போனது.

“பிலோ” என்றார். நெடுநாள் பூட்டிக் கிடந்த கதவு மாதிரி ஒரு குரல். “எங்கட கடல் இப்பிடி இல்லை.”

அக்காவின் முகம் விழுந்தது. “இல்லையோ?”

“இது கழுவித் துடைச்ச கடல். எங்கட அங்க மங்கல். கஞ்சித் தண்ணிக்குள்ள இறங்கின மாதிரி. கண்ணால சங்கு பிடிக்கேலாது. கைதான் கண். மணலைத் தடவிக்கொண்டு போக வேணும். கல்லும் குளிர், சங்கும் குளிர். ஆனால் சங்குக்கு உயிர் இருக்கு, தொட்டால் கொஞ்சம் உள்ளுக்கை இழுக்கும். அது விரலுக்குத் தெரியும்.”

அவர் கண்களை மூடிக்கொண்டார். திரையில் ஒரு ஆமை எங்களைக் கடந்து போனது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் அவருடைய விரல்களைத்தான் பார்த்தோம். அவை சாரத்தின் மடிப்புகளுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தன. கீழே சத்தமே இராது, தன் நெஞ்சு அடிப்பது மட்டும் பக்கத்தில் யாரோ கதவு தட்டுவது போலக் கேட்கும் என்றார். வெளிச்சம் வருகிற பக்கத்தை வைத்துத்தான் மேல் எது, கீழ் எது என்று தெரியும் என்றார். தண்ணீர் கலங்கிய நாளில் அதுவும் தெரியாதாம். அப்போது மூச்சுக் குமிழி போகிற பக்கம் போக வேண்டுமாம்.

அக்கா அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் தரையில் இருந்துவிட்டார். “கட்டின நாளில இருந்து இதொண்டும் எனக்குச் சொல்லேல்லையே.”

“நீ கேக்கேல்லையே. வந்த உடனே எத்தனை சங்கு எண்டுதானே கேப்பாய்.”

அக்கா சிரிக்கத் தொடங்கி, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். வாசலில் நின்ற சிவராசா அண்ணை திரும்பித் தெருவைப் பார்த்தார். டிஸ்க் முடிந்து திரை மறுபடியும் கறுத்தது. இன்னொருமுறை போடவா என்று கேட்டேன்.

“வேண்டாம் பிள்ளை” என்றார் ஐயா. “வீட்டை போவம். எனக்கு அவளோட கதைக்கக் கிடக்கு.”

4. நான் படித்தது

அவர்கள் எதையும் வாங்கவில்லை. அடுத்த முறை மருந்துக்கு வந்த அக்கா, “விடிஞ்சால் பொழுதுபட்டால் கடல் கதைதான். சோறு வடிக்க விடுறாரில்லை” என்று முறைப்பட்டுவிட்டுப் போனார். அந்த முறைப்பாட்டில் இருந்த சந்தோசத்தை நான் வேறு எந்த வாடிக்கையாளரிடமும் கண்டதில்லை.

எங்கள் மெஷின்களில் சாதாரண டிவிடியும் நன்றாக ஓடும். கடைசியில் அக்காவுக்குச் சொன்ன அந்த விலைக்கே, டிவிடி பிளேயர் என்று சொல்லித்தான் விற்றுத் தீர்த்தோம். சிவராசா அண்ணையின் புளூரேயையும் பிறகு யாரும் தேடவில்லை. சனம் பென் டிரைவுக்குப் போய்விட்டது. இரண்டு அண்ணைமாரும் பின்னேரங்களில் ஒரே கடையில் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினார்கள்.

எனக்கு ஒரு பழக்கம் மிஞ்சியது. இந்தத் தொழிலில் இருந்தவரைக்கும், கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவருக்கு நான் முதலில் விலை சொன்னதில்லை. என்ன பார்க்க ஆசைப்படுகிறீர்கள், யாருக்குக் காட்டப் போகிறீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலானோர் கொஞ்சம் திகைப்பார்கள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, சாவகாசமாகச் சொல்லத் தொடங்குவார்கள்.