சொந்த ஜாமீன்

"ஏனுங்க்கா, சொந்த ஜாமீன்னா சொந்தத்துல யாரு கையெழுத்துப் போடோணும்? மாமனா, மச்சானா?"

போன மாதம் பக்கத்து வீட்டு சரசு இப்படிக் கேட்டபோது எனக்கும் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். தெரியாது என்று சொல்ல வெட்கம். "தாய்மாமனாத்தான் இருக்கும்" என்று சொல்லிவைத்தேன்!

அவள் மகன் பழனி சேலம் ஜெயிலில் இருந்தான். எஸ்டேட்டில் மிளகு மூட்டை திருடியதாக வழக்கு. விசாரணையே தொடங்கவில்லை. இப்போது சட்டத்தை மாற்றியிருக்கிறார்களாம் — முதல் தடவை மாட்டியவர்கள், அந்தக் குற்றத்துக்கு உள்ள முழுத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் கோர்ட் வெளியே விடுமாம். பழனி அதைத் தாண்டிவிட்டான். சொந்த ஜாமீன் போதும் என்றார்களாம்.

எனக்குச் சந்தேகம். பிடித்துப் போடச் சட்டம் போடுவார்கள்... விடுவதற்குமா? இதில் என்ன கொக்கியோ?

சரசு செம்மநத்தம் போனாள், பேச்சுவார்த்தை விட்டுப்போன அண்ணனைத் தேடி.

"சீருக்குக் கூப்புடாதவ, ஜெயிலுக்குக் கூப்புட வந்துட்டியா?" என்றாராம். அன்று அவள் அடுப்பு மூட்டவில்லை.

எல்லாம் என் வாயால் வந்தது. அவளோடு நானும் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீல் பெண். நான் சரசுவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"தாய்மாமன் வரமாட்டேங்கறாரு கண்ணு" என்றாள் சரசு.

"மாமன் எதுக்குங்கம்மா?" அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு. "சொந்த ஜாமீன்னா சொந்தக்காரங்க இல்லீங்க. உங்க பையனுக்கு அவரேதான் ஜாமீன். கூப்புடறப்ப கோர்ட்டுக்கு வருவேன்னு எழுதிக் குடுத்தாப் போதும்."

சரசு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை தாங்காமல்தான் வாயைத் திறந்தேன். "திருடன்னு புடிச்சுட்டு, அவன் பேச்சையே நம்புவாங்களாங்க?"

"திருடன்னு இன்னும் யாரும் தீர்ப்புச் சொல்லலீங்களே!"

நான் மறுபடி முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

போன வாரம் பழனி வந்துவிட்டான். அப்போது என் வாசலில் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. தூறல் விழுந்தது — நிஜமாகவே தூறல்தான் — அவசரமாகப் பாயை உள்ளே இழுத்தேன்.

"இருங்க பெரியம்மா, அந்தப் பக்கம் நான் புடிக்கறனுங்க."

பிடித்தான். சிந்தியதையும் பொறுக்கிப் போட்டான். அவன் போன பிறகு, குவியலை ஒருமுறை கண்ணால் அளந்து பார்த்தேன். குறையவில்லை.

சட்டத்துக்குத் திருத்தம் வந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் வரவில்லை!