மீதிப் படம்

இன்று காலை என் கைப்பேசி, தன்னிடம் இனி இடமில்லை என்று அறிவித்தது. பழைய படங்களை அழித்துவிடலாமா என்று மரியாதையாகக் கேட்கவும் செய்தது. அதன் வயிற்றை நிறைத்தவை பெரும்பாலும் ரோஜாப்பூக்கள். கேரள எல்லையோரத்து எங்கள் மாவிளைக் குடும்பக் குழுவில் பொழுது விடிவதே ஒரு ரோஜாவோடுதான். இதழில் பனித்துளி, துளிக்குக் கீழே ஒரு வேதவசனம், வசனத்துக்குக் கீழே 'சுப்ரபாதம்' என்று மலையாளத்தில் ஒரு வாழ்த்து. காரோடு ஊரிலிருந்து ஒருவர் அனுப்பிய பூவைப் பஹ்ரைனிலிருந்து இன்னொருவர் தாமே பறித்ததுபோலத் திரும்ப அனுப்புவார். நாற்காலியில் சாய்ந்தபடி அவற்றை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு குழு இருக்கும். ஆகையால் என் பொறுமை தேய்ந்த விதத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அழிக்கும் வேலை எப்போதும் படிக்கும் வேலையாக மாறிவிடுகிறது. நகர்த்திக்கொண்டே போய்க் குழு தொடங்கிய காலத்துப் பேச்சுகளில் நின்றேன். அப்போது எல்லாருக்கும் அதன்மேல் ஒரு மோகம் இருந்தது. ஒற்றசேகரமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒன்றுவிட்ட அக்கா, தன் வீட்டுப் பலா முதன்முதல் காய்த்ததைப் படமெடுத்துக் காட்டினார். பெங்களூரில் பிறந்த குழந்தையை அங்கே குளிப்பாட்டுவதற்குள் நாங்கள் இங்கே பார்த்துவிட்டோம். நானும் எழுதினேன். தமிழாசிரியனாக இருந்து ஓய்ந்தவனிடம் எழுத ஓரிடம் கொடுத்தால் கேட்கவா வேண்டும்? தாத்தா மிஷன் சபையில் உபதேசியாராக இருந்த வரலாற்றைப் பத்தி பிரித்து, நிறுத்தக்குறிகள் பிசகாமல் எழுதி அனுப்பினேன். மறுமொழியாகப் பெருவிரல் ஒன்று வந்தது. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள். தமிழைத் தாராளமாகப் பேசுவார்கள். அதன் எழுத்தைக் கண்டால் மட்டும் பெருவிரலை உயர்த்திவிட்டு விலகிப் போவார்கள். அந்த விரலுக்குரியவர் படித்த பின்புதான் அதை உயர்த்தினார் என்று நான் சில நாள் நம்பியிருந்தேன்.

பிறகு கருத்துகள் வரத் தொடங்கின. மைத்துனர்மார் இருவர் திருவனந்தபுரத்து ஆட்சியையும் சென்னையின் ஆட்சியையும் ஆளுக்கொன்றாகக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு சண்டையிட்டார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து சொன்னவர்களுக்கும் குறைவில்லை. சண்டை முற்றும்போது யாராவது ஒரு வேடிக்கைப் படத்தை நடுவே எறிவார்கள். இரு கட்சியும் சிரித்துவிட்டுக் கலையும். எங்கள் குடும்பத்தின் சமாதானம் முழுவதும் அத்தகைய படங்களின் தயவில்தான் நடந்தது என்று சொல்லலாம்.

ரோஜாக்களுக்கு நடுவே அத்தகைய படம் ஒன்றில் என் விரல் நின்றது. சித்தப்பாவின் முகம்.

சித்தப்பா என் தந்தையின் தம்பி. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றுக் காரோட்டில் தனியே வாழ்பவர். அந்தப் படத்தில் குனிந்த அவர் முகமும் நெற்றியில் வைத்த கையும் மட்டுமே இருக்கும். சுற்றியிருந்தவை அனைத்தும் வெட்டி நீக்கப்பட்டு, கீழே மலையாள எழுத்தில் 'மதியாயி' என்றிருக்கும். போதும் போதுமென்றாகிவிட்டது என்று பொருள். இத்தகைய படங்களை ஸ்டிக்கர் என்கிறார்கள். நான் அதற்கொரு நல்ல தமிழ்ச்சொல் ஆக்க முயன்றேன். ஆக்கி முடிப்பதற்குள் அது குடும்பம் முழுவதும் பரவிச் சபையின் வாலிபர் குழுவிலும் ஏறிவிட்டதால், ஸ்டிக்கர் என்றே எழுதுகிறேன். மின்கட்டணம் உயர்ந்தால் சித்தப்பா நெற்றியில் கைவைத்தார். மழையால் கால்பந்து ஆட்டம் நின்றால் கைவைத்தார். நேற்றைய மீன்குழம்பே இன்றைக்கும் என்று யாராவது புலம்பினால் அதற்கும் அவரே வந்து கைவைத்தார்.

சென்ற ஆண்டு அது முதன்முதலாக வந்த நாளில் குழு முழுவதும் சிரித்தது. சித்தப்பாவும் நன்றாயிருக்கிறது என்று மெச்சித் தம் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தார்: "பயலுக்கெ கைவேல கொள்ளாம்." எனக்கோ அந்தப் படத்தின் ஓரம் உறுத்தியது. விடைத்தாள் திருத்திப் பழகிய கண் பிசிறு கண்ட இடத்தில் நிற்கும். வெட்டியவன் சரியாக வெட்டவில்லை. முழங்கைக்குக் கீழே வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். சுருக்கி வைத்துத் தைத்த லேசு. சவப்பெட்டியின் உள்விளிம்பில் தைப்பது.

லில்லி சித்தியை அடக்கத்துக்கு எடுக்கும் முன் பிடித்த படம் அது. லில்லி சித்தி, சித்தப்பாவின் மனைவி.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில், இறந்தவரைக் கல்லறைக்குக் கொண்டுபோகுமுன் குடும்பம் முழுவதும் பெட்டியைச் சூழ்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். வெளியூரார் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கடல் கடந்து வேலைக்குப் போனவர்கள் அடக்கத்துக்கு வந்துசேர முடியாது. அவர்கள் அந்தப் படத்தின் வழியாகத்தான் கல்லறைவரை நடந்தார்கள். என் சிறுவயதில் அது அச்சாகி வருவதற்கே நாளாகும். வந்ததைச் சுவரில் மாட்டமாட்டார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் அம்மாவின் கல்யாணச் சேலைக்கு அடியில் கிடக்கும். அடக்கத்துக்கு வர இயலாதவர் என்றோ ஒருநாள் வந்து, காப்பி குடித்து, ஊர்ப்பேச்சுப் பேசி, கடைசியில் இறந்தவரின் பெயரைச் சொல்லிக் குரல் தழைந்த பிறகே அம்மா எழுந்து போவார். படத்தோடு பாச்சை உருண்டையின் மணமும் வெளியே வரும். இன்றைக்கும் அந்த மணம் பட்டால் யாரோ அழப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்த்தவர் படத்தை அம்மாவின் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். மேசைமேல் வைக்கக்கூடாது என்று யாரும் சட்டம் போட்டதில்லை; வைத்தவரும் இல்லை.

சித்தியின் நாளில் படக்காரர் பாறசாலையிலிருந்து வந்திருந்தார். பந்தலுக்குள் சம்பங்கி மாலைகளின் மணமும், அப்போதுதான் நிறுத்திய குளிர்ப்பெட்டியின் ஈரமும் கலந்திருந்தன. என் அக்கா ஸ்டெல்லா எல்லாரையும் வரிசைப்படுத்தினாள். துக்கத்திலும் யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கலாகாது என்பதை அவள் மறப்பவள் அல்லள். படக்காரர் முக்காலிமேல் ஏறிக்கொண்டு, "சாரே, இங்கோட்டு நோக்கணும்" என்றார். சித்தப்பா நிமிரவில்லை. நெற்றியில் கைவைத்துக் குனிந்து சித்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாரே, ஒரு பிராவஸ்யம்" என்று, ஒரே ஒரு தடவைக்காகக் கெஞ்சினார்.

"அவரெ விடும். நீரு எடும்" என்று எனக்குப் பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். எடுத்துவிட்டார்.

ஸ்டிக்கரைச் செய்தவன் ஸ்டெல்லா அக்காவின் மகன் ஜெபின். பெங்களூரில் கணினி வேலை பார்ப்பவன். அவனை அழைத்தேன்.

"எலே, சின்னத் தாத்தாக்கெ படத்தெ நீ எங்கேருந்து எடுத்தெ?"

"ஸ்டிக்கரா மாமா? அது வேற லெவலாக்கும். எங்க ஆபீசுல மலையாளிப் பயலுவ எல்லாம் அதெத்தான் போடுதானுவ."

"எங்கேருந்துன்னு கேட்டேன்."

"போன்ல பழைய படத்துக்கெ எடையில கெடந்துது. மொகம் மட்டும் செமயா இருந்துது. ஏன் மாமா?"

சொன்னேன்.

"சத்தியமாட்டு எனக்குத் தெரியாது மாமா. கூட்டத்துல தாத்தாக்கெ மொகத்தெ மட்டுந்தான் பாத்தேன். அப்பம் எனக்குப் பரீட்ச. அடக்கத்துக்கே நான் வரல்லியே."

"செரி. அழிச்சிரு."

"எனக்கெ போன்ல அழிக்கலாம். மத்தவனுவ சேவ் செஞ்சு வச்சதெ நான் என்ன செய்ய?"

இங்கேதான் நான் அகப்பட்டுக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே: ஊர் வைத்து விளையாடும் அந்த முகம் எந்த நேரத்து முகம் என்று சித்தப்பா அறிவதற்குள் அது ஓய்ந்துவிட வேண்டும். குழுவில் ஒரு வரி எழுதினால் முடிந்தது. ஆனால் குழுவில் சித்தப்பாவும் இருந்தார். ஆகவே உறவினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதினேன். சுருங்கச் சொல்லத் தெரியாத குணம் அங்கேயும் என்னை விடவில்லை. வழக்கத்தின் வரலாற்றோடு தொடங்கி, லேசில் வந்து, வேண்டுகோளில் முடித்தேன். சிலர் பெருவிரலை அனுப்பினார்கள். ஒரு பெரியம்மா மகள், தான் தமிழ் படிப்பதில்லை என்றும் அதையே பேசி அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டாள். பஹ்ரைனில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி, "அய்யோ அண்ணா, இனி ஆரும் போடமாட்டோம்" என்று உருகி எழுதி, அதன் கீழே அதே ஸ்டிக்கரை ஒட்டியிருந்தான். கை பழகிவிட்டது, அவனைச் சொல்லி என்ன?

ஸ்டெல்லா அக்காவோ நேரே அழைத்தாள்.

"நீ இதெ ஒரு பிரசங்கமாக்காதே. சித்தப்பாவே கொள்ளாம்னு சொல்லியாச்சு. எனக்கெ மவன் என்ன, தெரிஞ்சா செஞ்சான்?"

"தெரியாமத்தான் செஞ்சான். தெரிஞ்ச பெறவாவது நிறுத்தலாம் இல்லியா?"

"நிறுத்தலாம். எல்லாரும் ஏன் நிறுத்துதுவன்னு அவரு கேப்பாரு. அப்பம் நீ போயிப் பதில் சொல்லு."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காரோட்டுக்குப் போனேன். சித்தப்பா வீட்டின் முன்புறச் சிட் அவுட்டில் அமர்ந்து மரச்சீனிக் கிழங்கின் தோலைக் கத்தியால் உரித்துக்கொண்டிருந்தார்.

"வா மக்கா. ஸ்டெல்லா விளிச்சா. எனக்கெ மொகத்தெ அழிக்கதுக்கு நீ ஆளு சேக்குதியாமே."

"அது வந்து சித்தப்பா... அந்தப் படம்..."

"லில்லிக்கெ பெட்டிப் பக்கத்துல நிக்க படம். எனக்குத் தெரியாதா? பனச்சமூட்டுல கட கடயாட்டு ஏறி, லேசு வச்ச பெட்டிதான் வேணும்னு எடுத்தவன் நானாக்கும். மொதல் நாளே பாத்தேன்."

"பின்னெ ஏன் கொள்ளாம்னு சொன்னிய?"

"வேற என்ன சொல்ல? எல்லாரும் சிரிச்சாச்சு. நான் மொகம் வாடினா அந்தப் பயலுக்கு மனசு வெஷமமாவும். சாரமில்ல, போட்டும்."

கத்தியைக் கீழே வைத்தார். வேட்டி நுனியில் கைகளை நன்றாகத் துடைத்துக்கொண்டு, கைப்பேசியில் அந்த ஸ்டிக்கரைத் தேடியெடுத்து என்னிடம் நீட்டினார்.

"எனக்கு இதுக்கெ மீதி வேணும் மக்கா. நான் அவளெ பாத்துட்டு நிக்கேன். இதுல அவ எங்கெ? எனக்கெ பழைய போனு கேடாயிப் போச்சு. அதுல உள்ளதும் போச்சு. முழுப் படம் ஒண்ணு எடுத்துத் தா. வேற ஒண்ணும் வேண்டாம்."

திரும்பும் வழியில் என் மனம் லேசாகியிருந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை, குழுவிலேயே கேட்கலாம். அத்தனை பேர் வைத்திருந்த படம் ஒருவரிடமாவது இல்லாமலா போகும்? அன்று மாலையே கேட்டேன். இந்த முறை ஒரே வரியில்.

கூப்பிய கைகள் வந்தன. ஒருவர் கைப்பேசியை மாற்றியபோது பழைய படங்களைக் கொண்டுவரவில்லை. இன்னொருவரின் கைப்பேசி பரப்பன் தோட்டுத் தண்ணீரில் விழுந்திருந்தது. என்னுடையதில் தேடினேன், இன்று காலை போலவே முன்பும் ஒருமுறை அது இடம் கேட்டிருக்கிறது, நானும் கொடுத்திருக்கிறேன். பாறசாலையில் படக்காரரின் கடை இருந்த இடத்தில் இப்போது குளிர்பானம் விற்கிறார்கள். அவர் எங்கே போனார் என்று பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியவில்லை. அச்சிட்டு வைத்த படி ஒன்றாவது இருக்குமே என்று ஸ்டெல்லா அக்காவைக் கேட்டேன்.

"எவன் பிரிண்ட் போட்டான்? குரூப்பில வந்தாச்சு, எல்லாருக்கெ கையிலயும் உண்டுன்னு விட்டாச்சு."

எல்லாரிடமும் இருந்ததால் ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை. ஜெபின் தன் கணினியையும் பழைய கைப்பேசியையும் நாள்கணக்கில் துழாவினான். கடைசியில் அழைத்தபோது அவன் குரல் சரியாக இல்லை. "மொகத்தெ வெட்டி எடுத்த பெறவு முழுசா உள்ளதெ நான்தான் டெலீட் செஞ்சேன் மாமா. இடம் இல்லாம இருந்துது."

சித்தப்பாவிடம் நான்தான் சொன்னேன்.

"ஒருத்தர்ட்டயும் இல்லியா?"

"இல்ல சித்தப்பா."

"செரி. அவளுக்கெ நெத்தியில கொஞ்சம் முடி விழுந்து கெடந்துது மக்கா. ஒதுக்கி விடணும்னு நெனச்சிட்டு நின்னேன். அதுக்குள்ள அவன் எடுத்துட்டான். படத்துல அது உண்டான்னு பாக்கணும்னு இருந்துது. செரி, வச்சிருதேன்."

மறுநாள் காலையில், வழக்கமான ரோஜாவுக்கு அடியில், சித்தப்பா குழுவிலிருந்து வெளியேறிவிட்டார் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி கிடந்தது. பிற்பகலில், பணிமுறை முடித்து வந்த பஹ்ரைன் தம்பி அந்த வரியைக் கண்டிருக்க வேண்டும். "சித்தப்பாக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டான். கேட்ட கையோடு, அவன் எப்போதும் செய்வதுபோல், கேள்விக்குக் கீழே அவர் முகத்தையே ஒட்டி அனுப்பினான். நெற்றியில் கைவைத்து அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த முகத்தை இனி யாரும் பார்க்க முடியாது.