அண்ணன் கடை இரும்புத் தூள்

பழைய இரும்பைப் பிசினில் கலந்து புதுப் பொருள் செய்கிறேன் என்று சொன்னால், எங்கள் வீட்டில் அண்ணனைத் தவிர யாரும் அடுத்த கேள்வி கேட்டதில்லை. அவர் கடலூரில் லேத் பட்டறை வைத்திருந்தார். கடையும்போது விழுகிற சுருளும் தூளும் மூட்டையாகக் காயலாங்கடைக்குத்தான் போகும். அதைக் கேட்டு வாங்க சொந்தத் தங்கச்சியே வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. என் குப்பையை வைத்து என் தங்கச்சி டாக்டர் ஆகப்போகிறாள் என்று டீக்கடை முழுக்கச் சொல்லிவைத்தார். அதன் பிறகு பாதிப்பேர் என்னிடம் சுகர் மாத்திரை பற்றி விசாரித்தார்கள்.

சிதம்பரத்தில் நான் பிஎச்.டி. செய்கிற லேப். ரயிலில் தூளை மடியில் வைத்துக்கொண்டு போவேன். அதைச் சலித்து, எபாக்சி பிசினில் கலந்து, அச்சில் ஊற்றி, இறுகிய பிறகு மெஷினில் மாட்டி, அறுகிறவரை இழுத்துப் பார்க்க வேண்டும். இரும்பும் பிசினும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் நன்றாகத் தாங்கும். பிடிக்காவிட்டால் வெறும் பிசினே தேவலை.

அண்ணனின் இரும்பு பிடிக்கவேயில்லை. லேத் எண்ணெய் போக அவரே சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொடுத்த தூள் அது. ஆனாலும் ஒவ்வொரு துண்டும் பொசுக்கென்று அறுந்தது. அறுந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், இரும்புத் துகள்கள் வழுக்கி வெளியே வந்த குழிகள் மட்டும் இருந்தன. கம்பெனியில் வாங்கிய தூளைக் கலந்து பாரம்மா என்றார் என் கைடு. கலந்தேன். அது கல் மாதிரி நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை.

இதை அண்ணனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தினமும் போனில் கேட்டுக்கொண்டிருந்தவர். பட்டறையிலேயே உட்கார்ந்து சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நம்ம கடை இரும்பு ஆவாதுங்கிறியா?"

வேறு ஏதோ காரணம் இருக்கும், கண்டுபிடிக்கிறேன் என்றேன். சரி என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. டீக்கடையில் யாராவது விசாரித்தால் பேச்சை மாற்றிவிடுவாராம். கொஞ்ச நாளில், லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள், காடாம்புலியூரிலிருந்து வந்திருந்த அண்ணியின் அம்மா பிள்ளைகளுக்காகப் பலாப்பழம் வெட்ட உட்கார்ந்தார். கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டார். பலா விளைகிற ஊரில் எண்ணெய் தடவாமல் பழத்தைத் தொடமாட்டார்கள். தடவினால் பிசின் ஒட்டாது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்கு மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். எனக்கென்று எடுத்துவைத்த தூளில் ஒரு பை மிச்சமிருந்தது. விரலில் தேய்த்தால் வழவழப்பு. மோந்து பார்த்தேன். லேத் எண்ணெய் வாசனை இல்லை, தேங்காயெண்ணெய். லேபில் கையுறையும் முகமூடியும் போட்டே தொட்டதில் இது எனக்குத் தெரியாமலே போயிருந்தது.

கடற்கரை ஊரில் கழுவிய இரும்பு ஒரே ராத்திரியில் துருப்பிடித்துவிடும். அண்ணன்தான் அதற்குப் பயந்து தடவியிருக்கிறார் என்று நினைத்தேன். பாசத்தில் செய்த வேலை. அந்தத் தூளை எண்ணெய் போக அசிட்டோனில் அலசி, சூடேற்றி உலர்த்தி, மறுபடி ஊற்றினேன். மெஷின் இழுக்க இழுக்க அது விட்டுக்கொடுக்கவே இல்லை. கம்பெனித் தூளுக்குக் கொஞ்சமும் குறையவில்லை. பக்கத்து மேசைக்காரர் கைகொடுத்தார். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். தன் இரும்பு ஆகாது என்று நம்பிக்கொண்டே செத்துப்போன மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது?

அண்ணியிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அன்று சாயங்காலமே கடலூர் செம்மண்டலத்தில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணனின் இரும்பு நல்ல இரும்பு அண்ணி, எண்ணெய் பட்டிருந்ததால்தான் ஒட்டவில்லை, துருப்பிடிக்காமல் இருக்க அண்ணன் தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறார் என்றேன். நல்ல சேதி கொண்டுவந்த நினைப்பு எனக்கு. வேகமாகப் பேசிவிட்டேன்.

அண்ணி அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயைத் தட்டில் வைத்தார்.

"அவரு தடவல. நாந்தான் தடவுனேன். ஞாயித்துக்கெழமகூட உக்காந்து கழுவிக் காயவச்சாரு. துருப்புடிச்சா மறுபடி கழுவணுமேன்னு, அவருக்குத் தெரியாம தடவி வச்சேன்."

நல்லதுக்குத்தானே செய்தீர்கள் அண்ணி என்று ஏதோ உளறினேன். அவர் காதில் அது விழவில்லை. சொல்லியிருக்கவே வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது. வெளியே பிள்ளைகள் சைக்கிளுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கடைசிவரைக்கும் நம்ம இரும்புல என்னா கொறைன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு பாப்பா. என்கிட்டதான் கேட்டாரு. நான்தான் காரணம்னு தெரிஞ்சிருந்தா என்னா சொல்லியிருப்பாரு?"

"சிரிச்சிருப்பாரு அண்ணி."

அது பொய்யில்லை, அவர் நிஜமாகவே சிரித்திருப்பார். டீக்கடை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். அண்ணிக்கும் அது தெரியும். அதனால்தான் அப்படி அழுதார்.